மாமாவுக்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்கிய அனுபவம்: படிவத்தில் என்ன எழுதினோம், டாக்டரிடம் என்ன சொன்னோம்

பக்கவாதம் வந்த என் தாய்மாமாவுக்கு மாற்றுத்திறனாளி சான்று, யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை), அதற்கப்புறம் மாத உதவித்தொகைக்கான மனு என்று வரிசையாகப் போட்டு முடித்திருக்கிறோம். மாமாவும் அத்தையும் பெரம்பூரில் இருக்கிறார்கள், அவர்கள் மகள் வேலைக்காக ஓசூரில் இருக்கிறாள், அதனால் பக்கத்தில் அயனாவரத்தில் இருக்கும் நான்தான் கூட நின்றேன். ஆரம்பத்தில் எல்லோரும் என்னிடம் சொன்னது, இதில் பேப்பர் சேர்ப்பதுதான் பெரிய பாடு என்று. பேப்பர் எப்படியும் சேர்ந்துவிடுகிறது. மாமாவால் எதெல்லாம் செய்ய முடியவில்லை என்பதை அவர் மனம் நோகாமல் கேட்டு, வீட்டில் இருப்பவர்கள் வாயிலிருந்து வெளியே கொண்டுவந்து, ஐந்து நிமிடத்தில் ஒரு டாக்டர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுவதுதான் எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது. பாதிப்பு எத்தனை சதவீதம் என்பதை டாக்டர்தான் கையைத் தூக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துப் போடுகிறார், அதில் நாம் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிய வேண்டுமே, அதை நாம்தான் அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்ட்ரோக் வந்த உடனே சான்றுக்கு ஓடாதீர்கள். நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்புகளுக்கு, நோய் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை. காரணம் நியாயமானதுதான், முதல் சில மாதங்களில் கை, கால், பேச்சு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கும், அதற்குள் அளந்தால் அது நிலையான அளவாக இருக்காது. அக்கம்பக்கத்தில் 'சீக்கிரம் போய் வாங்கிடுங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அத்தைக்குப் பதற்றம். அந்த ஆறு மாதத்தைப் பிசியோதெரபிக்கும், பேச்சுப் பயிற்சிக்கும், ஆதார் பெயரைச் சரிசெய்வதற்கும் பயன்படுத்திக்கொண்டோம். இந்த இனிஷியல் விவகாரம் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டு, ஆதாரில் அப்பா பெயரை முழுசாக விரித்துப் போட்டிருக்கும், ரேஷன் கார்டில் ஒற்றை எழுத்து, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். யூடிஐடி ஆதாரை வைத்துத்தான் வரும், உதவித்தொகை பேங்க் கணக்கில்தான் வரும், அதனால் இந்த மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். பிசியோதெரபிக்குப் போகும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது, பின்னால் அது ஆறு மாத வரலாறாகக் கையில் இருக்கும்.

மாமா திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். 57 வயதில் ஸ்ட்ரோக். வலது கை, வலது கால் இரண்டும் பலவீனம், கூடவே பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிகிறது, மெதுவாகப் படிக்கவும் முடிகிறது, ஆனால் சொல்ல நினைக்கிற வார்த்தை வாய்க்கு வருவதில்லை. 'ஆமா' என்ற ஒரு வார்த்தை மட்டும் தடையில்லாமல் வரும். வேண்டும் என்றாலும் 'ஆமா', வேண்டாம் என்றாலும் 'ஆமா'. முகத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த நிலைக்கு அஃபேசியா என்று பெயர். இது பின்னால் முக்கியமாக வரும்.

படிவத்தை நிரப்ப உட்காரும் முன் அத்தையிடம் "மாமா எப்படி சமாளிக்கிறார்?" என்று கேட்டேன். "அவரே எல்லாம் பண்ணிக்கிறாரும்மா, எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மாதமாக அவர் கை தானாகவே எல்லாவற்றையும் செய்து பழகிவிட்டது, அது வேலையாகவே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து ராத்திரி வரை அங்கேயே இருந்து, பார்த்ததை எழுதினேன். பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கொடுப்பது அத்தை. லுங்கி கட்ட முடியாது, எலாஸ்டிக் வைத்த பேன்ட், அதையும் வலது காலில் ஏற்றிவிடுவது அத்தை. சட்டைப் பட்டன் அத்தை. குளிக்க ஸ்டூலில் உட்கார வைத்து, தண்ணீர் மொண்டு ஊற்றி, முதுகு தேய்த்து, ஈரம் துடைத்து எழுப்பி நிறுத்துவது வரை அத்தை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டால் ஸ்பூனால் இடது கையில் சாப்பிடுகிறார், "அவரே சாப்பிடுறார்" என்று அத்தை சொன்னது இதைத்தான். இடது கையில் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவர் போவதில்லை, வீட்டுக்கு ஆள் வந்தால் அவர்கள் கிளம்பும் வரை பசியோடு உட்கார்ந்திருக்கிறார். வீடு முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, அத்தை ஒரு படி கீழே நின்றுகொள்ள இறங்குகிறார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் அத்தையும் எழுந்தாக வேண்டும், ஏனென்றால் ஒருமுறை தனியாகப் போய் விழுந்து, கூப்பிட வார்த்தை வராமல் பக்கெட்டைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். இதை அத்தை எனக்குச் சொன்னது அன்று சாயந்திரம்தான், அதுவும் டீ போடும்போது வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கையில்.

அதனால் உங்கள் வீட்டில் கேட்கும்போது 'முடியுமா, முடியாதா' என்று கேட்காதீர்கள். முடியும் என்றுதான் பதில் வரும். நேற்று குளித்தது எப்படி, யார் தண்ணீர் ஊற்றியது, எவ்வளவு நேரம் ஆனது, நடுவில் எத்தனை தடவை உட்கார்ந்தார், அத்தை இரண்டு நாள் ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அத்தை, "நான் எங்கம்மா ஊருக்குப் போறேன்?" என்றார். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து தன் அக்கா வீட்டுக்குக்கூட அவர் போகவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நல்ல நாளையும் மோசமான நாளையும் தனித்தனியாகக் கேட்பதும் அவசியம். மாமா சில நாள் தெருமுனை டீக்கடை வரை நடந்துவிடுவார், அடுத்த நாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியாது. அதை அப்படியே எழுத வேண்டும். டீக்கடை வரை நடந்ததை மட்டும் எழுதினால் அவர் நன்றாக இருப்பதாக ஆகிவிடும், மறைத்துவிட்டால் பொய்யாகிவிடும். கூட்டியும் எழுத வேண்டாம், டாக்டர்கள் தினமும் நூறு பேரைப் பார்க்கிறவர்கள், ஒரு வரி மிகையாக இருந்தால் மிச்சத்தையும் நம்ப மாட்டார்கள்.

எழுதியதை மாமா முன்னால் வைத்து வரி வரியாகப் படித்துக்காட்டினோம். இதைத் தயவுசெய்து செய்யுங்கள். பேச்சு வராதவர் என்றால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் மாதிரிப் பேசும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது, சொந்தக்காரர்களுக்குத்தான் அதிகம். அவர் 'ஆமா'வை நம்ப முடியாது என்பதால் கட்டைவிரலை மேலே காட்டினால் சரி, கீழே காட்டினால் தப்பு என்று பேச்சுப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், சந்தேகம் வந்தால் இரண்டு பதிலை இரண்டு சீட்டில் எழுதி நீட்டி எடுக்கச் சொல்வோம். மூன்று இடத்தில் விரல் கீழே போனது. பாத்ரூமில் விழுந்த வரி வந்ததும் இடது கையைத் தாளின் மேல் வைத்து மூடிவிட்டார், கண் கலங்கிவிட்டது. "வேணாம்னா எடுத்துடலாம் மாமா, ஆனா ராத்திரி துணை தேவைன்னு டாக்டருக்குத் தெரியணும்னா இதான் ஒரே இடம்" என்றேன். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் அந்தத் தாளில் நான் எழுதியிருந்த ஒரு எழுத்துப்பிழையை விரலால் தட்டிக் காட்டினார். முப்பது வருஷம் அச்சகத்தில் இருந்தவர். அதைத் திருத்தினேன், அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்று கட்டைவிரலைக் காட்டினார். அவர் தன் சம்மதத்தைத் தானே சொன்ன பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தது வேறு மாமா, தலை நிமிர்ந்து வந்தார்.

சரி, இப்போது படிவம். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் விண்ணப்பம் நான்காம் எண் படிவம். இப்போது நேரடியாக யூடிஐடி தளமான ஸ்வாவலம்பன் வழியாகத்தான் போடுகிறோம், சான்று, அட்டை இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம். செல்போனிலேயே போடலாம், கட்டணம் கிடையாது, இ-சேவை மையத்தில் போட்டால் அவர்கள் சேவைக் கட்டணம் மட்டும். மையத்தில் போடுவதாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள், அங்கே பின்னால் வரிசை நிற்கும், அவர்கள் வேகமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். புகைப்படம் சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட முடியாதவருக்குக் கைநாட்டு போதும். பாதிப்பு எப்போதிலிருந்து என்ற இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிற தேதியைப் போடுங்கள், ஞாபகத்திலிருந்து போட வேண்டாம், ஆறு மாதக் கணக்கை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். செல் நம்பர் மாறாத நம்பராக இருக்க வேண்டும், எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்பது அதில்தான் வரும். பதிவு எண் வந்ததும் எழுதி வையுங்கள், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதை வைத்துப் பார்க்கலாம்.

பாதிப்பின் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் நிறைய குடும்பங்கள் நஷ்டப்படுகின்றன, இதை எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான். 2016 சட்டம் 21 வகை பாதிப்புகளைச் சொல்கிறது. ஸ்ட்ரோக் என்றால் உடனே கை கால் இயக்கக் குறைபாடு என்று ஒன்றை மட்டும் போட்டுவிடுகிறார்கள், இ-சேவையில் அந்தத் தம்பியும் அதைத்தான் தட்டப் போனார். ஆனால் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்பது அந்த 21-இல் ஒரு தனி வகை, அதன் விளக்கத்தில் அஃபேசியா என்ற பெயரே இருக்கிறது. ஆகவே மாமாவுக்கு இரண்டும் போட வேண்டும். இரண்டு பாதிப்புகளை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: பெரிய சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், 90-இலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தைச் சின்ன சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரியதோடு கூட்டுவார்கள். மாமாவுக்குக் கை காலுக்கு 60, பேச்சுக்கு 50 என்று வந்தது. 60-உம் 50-உம் 110 ஆகாது, 60-உடன் 30-ஐ 50-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்த 16.7-ஐக் கூட்டி 77 சதவீதம். பேச்சை விட்டிருந்தால் 60-இல் நின்றிருக்கும். தமிழக அரசின் மாத உதவித்தொகையில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் என்ற பிரிவுக்கு 75 சதவீதம் வேண்டும். அந்த ஒரு பெட்டியில் ஒரு டிக் போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பார்வையில் ஒரு பக்கம் தெரியாமல் போயிருக்கலாம், காது கேட்பது குறைந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் சம்பந்தப்பட்ட டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிய பிறகு போடுங்கள்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் போதும் இதை நினைவில் வையுங்கள். நரம்பியல், எலும்பு, காது மூக்கு தொண்டை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கிற பெரிய அரசு மருத்துவமனை என்றால் ஒரே இடத்தில் முடியும். வீட்டுக்குப் பக்கம் என்று சின்ன இடத்தைப் போட்டால், பேச்சுக்கு வேறு இடம் போய் வாருங்கள் என்று அனுப்புவார்கள், நடக்க முடியாதவரை ஆட்டோவில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பெரிய வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே தனி அரசு மருத்துவமனை இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை, செயற்கைக் கால், பிசியோதெரபி தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்த இடமாக இருந்தாலும் மதிப்பீடு செய்யும் கிழமையையும் நேரத்தையும் முன்கூட்டியே ஒருவர் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். நோயாளியை அழைத்துக்கொண்டு போய் அங்கே நின்று கேட்காதீர்கள். ஒரே ஒரு விஷயம், நாங்கள் போன இடத்தில் சக்கர நாற்காலி கேட்டதற்கு ஒரு ஊழியர் கையை நீட்டினார். கொடுக்க வேண்டாம் என்று அத்தையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், உள்ளே போய் நர்ஸம்மாவிடம் கேட்டதும் அவரே ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: டிஸ்சார்ஜ் சம்மரி, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஃபிலிமும் ரிப்போர்ட்டும், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சிக் குறிப்புகள், ஆதார் அசல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். இதற்கெல்லாம் மேலே, நாங்கள் எழுதி வைத்த அந்த ஒரு நாள் வரலாற்றை ஒரே பக்கமாகச் சுருக்கிப் பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துப் போனோம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, நடப்பது, படி, கழிப்பறை, பேச்சு, ராத்திரி என்று எட்டுத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. படிவத்தில் இதற்கு இடம் கிடையாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனாலும் எடுத்துப் போங்கள்.

ஏன் என்றால் உள்ளே நடந்தது இதுதான். டாக்டர் நல்லவர், மாமாவைப் பார்த்து மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, நீங்களே சாப்பிடுறீங்களா?" "ஆமா." "நீங்களே குளிக்கிறீங்களா?" "ஆமா." "பேசுறது எல்லாம் புரியுதா, பேச முடியுதா?" "ஆமா." டாக்டரின் பேனா எழுதப் போய்விட்டது. பதில் சரியாக வருகிற ஆள், பேச்சு வருகிறது, சொந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அத்தை வாயைத் திறக்கவே இல்லை, பெரிய டாக்டர் முன்னால் பேசக்கூடாது என்று பயம். நான் குறுக்கே பேசாமல், "டாக்டர், அவருக்கு அஃபேசியா, ஆமா மட்டும்தான் வரும், உங்க பேனாவைக் காட்டி இது என்னன்னு கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். பேனாவைக் காட்டினார். மாமாவின் உதடு துடித்தது, நெற்றி வியர்த்தது, கடைசியில் "ஆமா" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஒரு பக்கத்தை வாங்கி முழுசாகப் படித்தார். படித்துவிட்டுப் பேச்சுப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்தார், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார், ஒரு பட்டனைப் போடச் சொன்னார், நாலடி நடக்கச் சொன்னார். கூடப் போகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நோயாளிக்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் நாமே பதில் சொன்னால் டாக்டருக்கு எரிச்சல் வரும், நியாயமான எரிச்சல். அவர் நேரில் சோதித்துப் பார்க்கும்படி ஒரு வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் யார் அதிகம் பார்த்துக்கொள்கிறாரோ அவரையும் முதல் நாளே பேசிப் பழக்கி வையுங்கள், "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க?" என்று டாக்டர் அத்தையைக் கேட்டபோது அத்தை தயங்காமல் சொன்னார், அதற்கு முந்தின நாள் வீட்டில் நானும் அவரும் பேசிப் பார்த்ததுதான் காரணம்.

அன்றைக்கு மட்டும் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, ஷேவ் செய்து அழைத்துப் போவார்கள், நாங்களும் அப்படித்தான் போனோம், அதில் தப்பில்லை, அவர் கௌரவமாகத்தான் போக வேண்டும். ஆனால் அந்தச் சட்டையை யார் போட்டுவிட்டார், எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் வாக்கரோ கோலோ பயன்படுத்துகிறவரை அன்றைக்கு மட்டும் அது இல்லாமல் கைத்தாங்கலாக நடத்தி அழைத்துப் போகாதீர்கள்.

விண்ணப்பித்த மூன்று மாதத்துக்குள் சான்று கொடுக்க வேண்டும் என்று 2024-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். அட்டையில் நிறமும் உண்டு, 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40-இலிருந்து 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். மாமாவுக்கு மஞ்சள். சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாலோ, விண்ணப்பத்தை நிராகரித்தாலோ, 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதற்கென்று தனிப் படிவமே இருக்கிறது. 'இல்லைம்மா, வராது' என்று வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். இதைச் சொல்லி எழுத்தில் கேட்டால் போதும், அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் அத்தையிடம் வந்து, 80-க்கு மேல் போட்டுத் தருவதாக ஒரு தொகை சொன்னார். எவ்வளவு கஷ்டம் இருந்தாலும் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். பொய்ச் சான்று தண்டனைக்குரிய குற்றம் என்பது ஒரு பக்கம், நிஜமாகவே 77 உள்ளவரின் சான்றும் சந்தேகத்துக்கு உள்ளாவது இன்னொரு பக்கம்.

உதவித்தொகையில் இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்ற பிரிவினருக்கு. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு. இன்னொன்று வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 தொடக்கத்திலிருந்து 1,500 ரூபாய், இதற்குத் தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், வி.ஏ.ஓ. விசாரணை. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. எது கிடைக்கும் என்று சான்று வந்ததும் சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்துகொண்டு, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போங்கள். மாமாவுக்கு நாங்கள் முதலாவதில் போட்டிருக்கிறோம். மனுவைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். நகர மாட்டேன் என்கிறது என்றால் முதல்வரின் முகவரி 1100 எண்ணில் பதிவு செய்யலாம், அல்லது திங்கட்கிழமை குறைதீர் நாளில் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம்.

பேங்க் விஷயத்தில் ஒன்று. மாமா வலது கையால் போட்டுக்கொண்டிருந்த கையெழுத்து இனி வராது. எங்கள் கிளையில் முதலில், கையெழுத்து ஒத்துப்போகவில்லை, பணம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட முடியாதவர்கள் கைநாட்டு வைத்தால், இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் பேங்க் அதிகாரி, அவர்கள் அடையாளம் காட்டினால் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. மேனேஜரிடம் இதைச் சொன்னதும் செய்துகொடுத்தார். உதவித்தொகை வரும் வரை காத்திருக்காமல் இதை முன்னாடியே முடித்து வையுங்கள்.

பஸ்ஸைப் பற்றியும் அத்தைக்குத் தெரியாது. சாதாரண கட்டண மாநகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியோடு கூட வரும் துணைக்கும் இலவசம். பிசியோதெரபிக்குப் போகும் ஆட்டோ செலவில் பாதி அதில் மிச்சமாகிறது, மாமா பஸ் ஏறக்கூடிய நல்ல நாளில் மட்டும். ஓசூரில் இருக்கும் மகளுக்கு இன்னொன்று சொன்னேன், சார்ந்திருக்கும் பெற்றோருக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் வருமான வரியின் பழைய வரிமுறையில் (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், 80-உம் அதற்கு மேலும் என்றால் 1,25,000. எவ்வளவு செலவு செய்தோம் என்பதைப் பொறுத்து இந்தத் தொகை மாறாது, சான்று கையில் வேண்டும்.

மாமாவின் சான்று நிரந்தரம் இல்லை, இன்னும் முன்னேற வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் ஐந்து வருஷத்துக்குத்தான் எழுதியிருக்கிறார். அதைக் கேட்டு அத்தைக்குக் கவலை, மாமாவுக்குச் சந்தோஷம், கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். முடிகிற தேதியை என் போனிலும் மகள் போனிலும் ஆறு மாதம் முன்னதாக ஞாபகப்படுத்தும்படி போட்டு வைத்திருக்கிறோம், சான்று காலாவதியானால் உதவித்தொகையும் நிற்கும். அன்றைக்கு எழுதிய அந்த ஒரு பக்கத்தின் நகலையும் ஃபைலில் வைத்திருக்கிறோம், அடுத்த தடவை அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று மறுபடி மாமாவோடு உட்கார்ந்து எழுத வேண்டும்.